நிலைமொழி கார், வருமொழி போல்ட்

பாயிரம்

நூல் எழுதப் புகுந்தவன் பாயிரம் சொல்லாமல் உள்ளே நுழையக்கூடாது என்பது மரபு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டைக் கேட்பார்கள். ஆக்கியோன் பெயரைச் சொன்னால் என் டயர் கடைக்காரர் சிரிப்பார், அதை விட்டுவிடுகிறேன். எல்லை: வடக்கே ஒரு வேகத்தடை, தெற்கே ஒரு வேகத்தடை, இடையில் கோவையில் நான் தினமும் போய்வரும் நாலு கிலோமீட்டர். நுதலிய பொருள்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரில், கம்பெனி கொடுக்காத சாய்வு திருத்தும் உறுப்புகளைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுதலும், பூட்டியபின் திருகுதலும், திருகியபின் புலம்புதலும். கேட்போர்: கார் வாங்கிய மூன்றாம் மாதமே 'கொஞ்சம் இறக்கினா இன்னும் நல்லாருக்குமே' என்று தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும் இனத்தார். பயன்: எனக்குக் கொஞ்சம் இருந்தது, டயர் கடைக்காரருக்கு அதைவிட அதிகம்.

வழி என்பதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதல்நூல், வழிநூல், சார்புநூல் மூன்றும் இத்துறைக்கு உண்டு. முதல்நூல் கம்பெனியின் சர்வீஸ் மேனுவல். கேம்பர், காஸ்டர் இரண்டுக்கும் அது ஒரே சூத்திரம் வைத்திருக்கிறது: திருத்த இயலாது. வழிநூல், உதிரிபாகப் பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்த தாள். அது முதல்நூலை மறுத்து, திருத்தலாம் என்கிறது. சார்புநூல் ஒர்க்‌ஷாப் வாய்மொழி. அது இரண்டையும் கேட்டுவிட்டு, 'எதுக்கு வம்பு' என்கிறது. மூன்றையும் கற்றபின் நான் வழிநூலைப் பின்பற்றினேன். ஆர்வம் உள்ளவனுக்குத் தாள்தான் வேதம்.

சாய்வியல்

சாய்வு மூன்று: தலைச்சாய்வு, தண்டுச்சாய்வு, விரல்சாய்வு. ஒர்க்‌ஷாப் வழக்கில் கேம்பர், காஸ்டர், டோ. தமிழில் பெயர் சூட்டியது இயலுக்கு ஒரு கம்பீரம் வரட்டும் என்றுதான். 'தண்டுச்சாய்வைக் கொஞ்சம் பாருங்க' என்று சொல்லி வண்டியை ரேம்ப்பில் ஏற்றினால் கடைப்பையன் ஓடிப்போய் டீ வாங்கி வருவான். ஆகவே இனி வழக்கே.

காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டயரின் தலை எஞ்சின் பக்கமாகச் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். வளைவில் கார் உடம்பு வெளிப்பக்கம் சாயும்; அந்தப் பக்கத்து டயரும் கூடவே சாய்ந்து வெளி ஓரத்தில் நிற்கும். முன்கூட்டியே அதை உள்ளே சாய்த்து வைத்திருந்தால் வளைவில் முழுப் பாதத்தையும் ஊன்றும். இது பந்தயக்காரர்களின் நியாயம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒருவர் 2, 3 டிகிரி நெகட்டிவ் வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அங்கே வளைவுக்கு மேல் வளைவு. என் நாலு கிலோமீட்டரில் வளைவு மூன்று. மூன்றிலும் முன்னால் ஒரு டவுன் பஸ்.

ஜப்பானில் ஒரு கூட்டம், டயர் உள் ஓரத்தில் மட்டும் நிற்கும் அளவுக்குச் சாய்த்து விடுகிறது. அந்தச் சாய்வுக்குப் பெயர் ஒனிக்யான். ஒனி என்றால் பேய். க்யான், கேம்பரின் ஜப்பானியச் சுருக்கம். பேய்ச்சாய்வு. அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. அந்த டயரின் ஆயுளும் அப்படியே.

கேம்பர் என்பது பல பொருள் ஒரு சொல். ரோட்டுக்கும் கேம்பர் உண்டு. மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். தார் ரோட்டில் 100க்கு 2 அல்லது 2.5 என்ற கணக்கு, அதாவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இதனால் எந்தக் காரும் கொஞ்சம் இடப்பக்கமே ஒதுங்கும். 'லெப்ட் புல்லிங் இருக்கு' என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருபவர்களில் பலர், தெரியாமலே ரோடு போட்டவரைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அதுதான். ஸ்டியரிங்கை விட்டால் தானே நடுவுக்குத் திரும்புவது பெரும்பாலும் இதன் புண்ணியம். சிறு கார்களில் இதைத் திருத்த நினைப்பவர் குறைவு. நினைத்தவர் பேச்சை நான் கேட்டதில்லை, அவர்கள் பேசி முடிப்பதில்லை.

டோ, மொட்டை மாடியிலிருந்து பார்க்க வேண்டியது. முன்சக்கரம் இரண்டும் மூக்கோடு மூக்கு சேர்ப்பதுபோல் உள்ளே பார்த்தால் டோ-இன். பேச்சு வார்த்தை நின்றுபோன சம்பந்திகள்போல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் டோ-அவுட்.

மூன்றில் தலைமை எதற்கு? கேம்பருக்கே என்பர் ஒரு சாரார். கண்ணுக்குத் தெரிவதும் போட்டோவில் விழுவதும் அதுதான் என்பதால். அது பொருந்தாது. டயரைத் தின்பதில் டோவுக்குத்தான் முதல் பந்தி. கணக்குப் பார்ப்போம். ஒரு சக்கரம் நேரிலிருந்து 0.2 டிகிரி திரும்பி நிற்கிறது. 600 மி.மீ. விட்டமுள்ள டயரில், முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் வித்தியாசம் 2 மி.மீ.தான், குனிந்து பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். கோவையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 500 கி.மீ. போய்ச் சேரும்போது டயர் குறுக்கே மட்டும் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் தேய்ந்திருக்கும். காரில் வந்தவர் கிண்டியில் இறங்குவார். டயர் தன் கணக்குக்குச் சைதாப்பேட்டை வரை நடந்துவிட்டது.

அப்படியானால் டோவைப் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டியதுதானே என்று மாணாக்கன் கேட்பான். கேட்கட்டும். நிற்கிற கார் வேறு, ஓடுகிற கார் வேறு. சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களைப் பிடித்திருப்பது ரப்பர் புஷ். ஓட்டத்தில் அது நெளியும். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் முன்சக்கரங்களை ரோடு பின்னுக்கு இழுத்து விரிக்கும். முன்சக்கரமே இழுக்கும் வண்டியில் அவை உள்பக்கம் கூடப் பார்க்கும். ஆகவே முன்னதைக் கொஞ்சம் டோ-இன்னிலும், பின்னதைப் பூஜ்ஜியத்தை ஒட்டியோ துளி டோ-அவுட்டிலோ நிறுத்துவார்கள். நிற்கும்போது கொஞ்சம் கோணலாக நின்றால்தான் ஓடும்போது நேராகும். இந்நூலின் உயிர்நிலை இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் விரி. கம்பெனி அந்தக் கோணலை அளந்து, முறுக்கி, நம் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. அது எட்டிய நாளில் தொடங்குகிறது நம் கதை.

உறுப்பியல்

இன்று தெருவில் நிற்கும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தைத் தாங்குவது ஸ்ட்ரட் என்னும் தூண். எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது இதை யோசித்தார். பிறகு ஃபோர்டுக்குப் போனார். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களில் அது ஓடியது. மேலே தனியாக ஒரு ஆர்ம் எதற்கு, ஷாக் அப்சார்பரே தூணாகவும் நிற்கட்டுமே என்பது அவர் கண்ட சிக்கனம். நம் ஊருக்கு 1983இல் வந்த மாருதி 800இலும் முன்னால் நின்றது இந்தத் தூண்தான். சிக்கனத்தில் ஒன்று விட்டுப்போயிற்று: பல வண்டிகளில் முன்புறம், ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருகி டோவை மாற்றலாம், கேம்பரையும் காஸ்டரையும் திருக ஒரு திருகும் கிடையாது. அந்தக் காலி மனையில்தான் உதிரிபாக வியாபாரிகள் வீடு கட்டினார்கள்.

அவர்கள் விற்கும் உறுப்புகள், தூணில் அமரும் இடம் பற்றி முடி, இடை, அடி என மூன்று.

முடியில் அமர்வது கேம்பர் பிளேட். பானட்டைத் திறந்ததும் பளபளவென்று தெரியும். மேலே கோடுகளும் எண்களும் செதுக்கியிருக்கும். நான்கு திருகைத் தளர்த்தித் தூணின் தலையை உள்ளே நகர்த்தலாம். கம்பெனி வைத்த ரப்பர் மெத்தையை எடுத்துவிட்டு, அங்கே பெரும்பாலும் ஓர் எஃகுக் குண்டை உட்கார வைப்பார்கள். ரப்பர் இருந்தவரை ரோட்டுக்கும் உங்களுக்கும் ஒரு நாகரிகமான இடைவெளி இருந்தது. இனி ஒவ்வொரு ஜல்லியும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும். இந்த உறுப்பை உடையவர்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அடியில் அமர்வது திருகி நீட்டும் லோயர் ஆர்ம். செல்வர்க்குரியது, கடந்து செல்கிறேன்.

இம்மூன்றிலும் சேராதது ஒன்று உண்டு. பின்புறம் ஒரே பீமாக இருக்கும் கார்களில், ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே செருகும் ஆப்பு போன்ற மெல்லிய தகடு, ஷிம். ஆடும் மேஜைக்காலின் கீழே மடித்து வைக்கிற அட்டைத் துண்டுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தால் அதுதான் ஷிம்.

இனி இடை. இங்கேதான் நான் நின்று நிதானித்துப் பேச வேண்டும், ஏனென்றால் பணம் போட்டது இங்கே. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைச் சுமக்கும் நக்கிளை இரண்டு போல்டால் கவ்வியிருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே உள்ளதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் வேறொரு போல்டைப் போடுவதே கேம்பர் போல்ட் வித்தை. (ஃபோர்டு ஃபியஸ்டா போன்ற சில கார்களில் நக்கிளே ஸ்ட்ரட்டின் காலை வளையம்போலக் கவ்வும். அங்கே இரண்டு போல்ட் கிடையாது, ஆகவே வித்தையும் கிடையாது. வாங்கிய பிறகு இதை அறிந்துகொள்வோர் ஒரு தனி வகுப்பு.)

ஒரு கேம்பர் போல்ட் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. சாதாரண போல்டை உருட்டிவிட்டால் ஓடி மேஜை விளிம்பில் விழும். இது மூன்று முறை நொண்டியடித்து நின்றுவிடும். காரணம், தண்டின் ஒரு பகுதி நடுவை விட்டு ஒதுங்கிப் புடைத்திருக்கிறது. ஊர்த் திருவிழாவில் பலூன் விழுங்கிய பாம்பு மாதிரி. மற்ற இடமெல்லாம் கம்பெனி போல்டை விட இடை மெலிந்தது. தலையைத் திருப்பினால் புடைப்பு சுழன்று நக்கிளின் தலையை உள்ளேயோ வெளியேயோ தள்ளும். பல்லுள்ள ஒரு வாஷர் அதைத் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு போல்டுக்கும் இடையே 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலே 1.5 மி.மீ. நகர்ந்தால் சக்கரம் 1.4 டிகிரி சாயும். கடுகு சிறுத்தாலும் என்று தொடங்குவார்களே, அந்த ஜாதி. ஆனால் மெலிந்த இடைக்கு ஒரு விலை உண்டு. கம்பெனி போல்டைப் போல இதை முறுக்கக்கூடாது. தாளில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். முழங்கை சொல்லும் அளவு வேறு, தாள் சொல்லும் அளவு வேறு. நம் ஊர் முழங்கைகள் பெருந்தன்மையானவை.

புணரியல்

நிற்கும் சொல் நிலைமொழி. வந்து சேரும் சொல் வருமொழி. இரண்டும் மாறாமல் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. மாறிச் சேர்ந்தால் விகாரம். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது காருக்கு உதவும் என்று தமிழாசிரியர் சொல்லவில்லை. கார் நிலைமொழி; கடையில் வாங்கிய உறுப்பு வருமொழி. இயல்புப் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டு தேடிப் பார்த்தேன். கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் பொம்மை ஒன்றுதான் அகப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்பிரிங்கை மாற்றிக் காரை 30 மி.மீ. இறக்கியிருந்தேன். போர்ட்டிகோவில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிக் காருக்கடியில் படுக்க வைத்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை நீட்ட வேண்டாம். இந்நூலில் வேடிக்கையில்லாத ஒரே வாக்கியம் இது.) மனைவி காபியோடு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, ஓடற வண்டியையா கழட்டறீங்க?"

இலக்கணப்படி அது வினா வாக்கியம். பதில் எதிர்பாராத வினா எந்த வகை என்று யோசித்துக்கொண்டே பிரேக் ஹோஸின் கிளிப்பை நீக்கினேன். பழைய போல்ட் நின்ற இடத்தை ஒயிட்னரால் குறித்துக்கொண்டேன். 17ஆம் நம்பர் சாக்கெட், அதன் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டு. நட்டு முதலில் அசையவில்லை. பிறகு கொடுத்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்தது. மேல் போல்டை உருவியதும் நக்கிள், பஸ்ஸில் தூங்குபவர் தலைபோல, வெளிப்பக்கம் தொங்கிவிட்டது. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் புது போல்டைச் செருகி, பல்லில் வாஷரைக் கவ்விக்கொண்டு, தாளைத் தேடினேன்.

தாளில் அம்புக்குறி போட்டிருந்தது: அம்பு உள்பக்கம் பார்த்தால் நெகட்டிவ். வலது சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தவன் ஒரு விதமாகப் பிடித்தான். இடது சக்கரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தவனும் அவனே. அதே கை, அதே பழக்கம், அதே விதம். ஆனால் உள்பக்கம் இப்போது மறுபக்கமாகிவிட்டது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. விளைவு, ஒரு சக்கரம் உள்ளே சாய்ந்தது, மற்றது வெளியே சாய்ந்தது. தெருமுனை வரை போனேன். நேற்று வரை லேசாக இடப்பக்கம் ஒதுங்கிய வண்டி, எதிரே வரும் பால் வண்டியை நலம் விசாரிக்க வலப்பக்கம் இழுத்தது. கேம்பர் எந்தப் பக்கம் அதிகம் பாசிட்டிவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும் என்ற விதியை அந்தப் பத்து வினாடியில் கற்றேன். அதற்குப் பிறகு மறந்ததில்லை.

மத்தியானத்துக்குள் அதைச் சரி செய்தாயிற்று. இரண்டு பக்கமும் உள்ளே, ஒன்றேகால் டிகிரி நெகட்டிவ். போனில் இருக்கும் ரசமட்டத்தைச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு அழகாக இருந்தது. சோற்றை உண்டு தூங்கிவிட்டேன். இங்கே நடந்தது திரிதல். நக்கிள் சாயும்போது அதில் மாட்டியிருக்கும் டை ராடின் முனையும் இடம் பெயரும். ஆனால் டை ராடின் நீளம் மாறாது. அப்போது சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அதாவது கேம்பரைத் தொட்டால் டோ திரியும். இதனால்தான் பின்னச்சை முதலில் பார், முன்னச்சைப் பிறகு பார், முன்னச்சில் காஸ்டர், கேம்பர், டோ என்ற வரிசையில் போ, டோவைக் கடைசியில் பிடி என்பது எல்லா உரைகாரருக்கும் ஒத்த முடிபு. நான் கேம்பரோடு நிறுத்திவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினேன்.

கெடுதல் பிறகு வந்தது. ஒருநாள் கார் கழுவும்போது டயரின்மேல் கையை வைத்துத் தடவினேன். ஒரு திசையில் தடவினால் பூனை முதுகு. மறு திசையில் தடவினால் அரம். டோ கெட்ட டயரின் அடையாளம் அதுவே: கட்டைகளின் ஒரு விளிம்பு மழுங்கி, மறு விளிம்பு கூர்மையாகி நிற்கும். உள் ஓரம் ஏறக்குறைய வழுக்கை. இரண்டு டயர், மொத்தம் பதினோராயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவை.

திருத்துவோரை இங்கேயே வகுத்துவிடுகிறேன், தனி இயலுக்கு அவர்கள் இசையவில்லை. ஒருவகையார் திரையை நம்புவோர். வாசலில் '3டி' என்று பலகை. சக்கரத்தில் பலகைகளை மாட்டி, வண்டியை ஓரடி முன்னும் பின்னும் உருட்டினால் கேமரா பார்த்துக் கணக்குச் சொல்லும். சிவப்பு பச்சையானால் வேலை முடிந்தது. கருவி நல்ல கருவி. குறை, அதை இயக்கும் அவசரத்தில். நான் முதலில் போன கடையில் கேம்பர் கட்டம் சிவப்பாக நின்றது. 'அது வராதுங்க சார், உங்க வண்டிக்கு அட்ஜஸ்ட்மென்ட்டே இல்ல' என்றான் பையன், முதல்நூலை மனப்பாடமாக ஒப்பித்து. இருக்கிறது, நானே போட்டேன் என்று காட்டினேன். அவன் போல்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி ஸ்டியரிங்கை நடுவில் பிடிக்காமலே டோவைத் திருகி அனுப்பினார். டோ கட்டம் பச்சை, ஸ்டியரிங் மட்டும் கடிகாரத்தில் பத்துமணி காட்டியது.

இன்னொரு வகையார் நூலை நம்புவோர். நைலான் நூல். ஊர்க்கோடியில் அம்பாசடர் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் யாரோ அனுப்பினார்கள். அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. டயரைத் தடவினார்.

"ஏந்தம்பி, டோ பாக்காமயா இத்தன நாள் ஓட்டுனீங்க?"

தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். முன்சக்கரங்களின் கீழே இரண்டிரண்டு டைல்ஸ். நடுவே கிரீஸ், சக்கரம் சிரமமில்லாமல் திரும்புவதற்காக. ஸ்டியரிங்கை நடுவில் வைத்து, சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். நாலு ஸ்டாண்டுக்கு நடுவே காரின் இருபக்கமும் இணையாக நூல் கட்டினார். ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு எவ்வளவு, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று எஃகு ஸ்கேலில் அளந்து, தீப்பெட்டி அட்டையில் எழுதினார். கேம்பருக்குக் கொத்தனார் தூக்குக்குண்டு. 15 அங்குல ரிம்மில் மேலும் கீழும் 6.6 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு டிகிரி என்று நான் என் படிப்பைக் காட்டினேன். 'ஆறரைன்னு வெச்சுக்குவம்' என்றார். லோயர் ஆர்ம் போல்டை நான் வண்டி தொங்கிக்கொண்டிருந்தபோதே முறுக்கியதையும் கண்டுபிடித்தார். சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போது முறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து கிழிந்துபோகும். மூன்று மணி நேரம். பிறகு இருவருமாகத் திரைக்கடைக்கே போய் ஒருமுறை ஏற்றிப் பார்த்தோம். நூலும் திரையும் கால் மில்லிமீட்டர் சண்டைகூடப் போடவில்லை.

ஒலியியல்

விகாரத்தில் தோன்றல் என்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இதுவரை இல்லாத சத்தம் தோன்றுவதே அது. சத்தத்தைச் சொல்லால் வகுப்பதில் தமிழுக்கு நிகரில்லை. மெக்கானிக்கிடம் போய் நாம் செய்வதும் அதைத்தான்.

'டக்' என்பது ஒற்றைக்கிளவி. பிரேக் போடும்போது ஒரு 'டக்', விடும்போது ஒரு 'டக்' என்றால் எங்கேயோ ஒரு போல்ட் தன் துளைக்குள் நடமாடுகிறது, உடனே நிறுத்துக. 'கடகட' இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது. சின்னக் குழிகளில் மட்டும் கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க் பக்கம் பார்க்கலாம். 'கிணுக்' என்று ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலேயிருந்து வந்தால் கேம்பர் பிளேட்டின் எஃகுக் குண்டு. 'கீச்கீச்' பாலியூரித்தேன் புஷ். கிரீஸ் காய்ந்துவிட்டது என்பதன் அறிவிப்பு. மழைநாளில் வாய் மூடி, வெயிலில் மீண்டும் பாடும்.

இவை கார் எழுப்பும் ஒலிகள். உரிமையாளர் எழுப்புவது 'போச்சு போச்சு'. இது அடுக்குத்தொடர், பிரித்தாலும் பொருள் தரும், விரைவு, வெகுளி, அச்சம், அவலம் முதலிய காரணங்களால் வரும். எனக்கு இவை நான்கும் ஒரே ஸ்பீட் பிரேக்கரில் வந்திருக்கின்றன. இந்தியச் சாலைப் பேரவையின் 1988 வழிகாட்டியில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. எங்கள் தெருவில் உள்ளது வழிகாட்டியைப் படிக்காமலே எழுந்தது. 30 மி.மீ. இறங்கிய கார் அதைத் தாண்டும்போது எழும் ஒலிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆய்த எழுத்தில் தொடங்கும்.

புறனடை

இயல்களில் அடங்காதவற்றை இங்கே தொகுத்துக்கொள்க.

சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்தது. ஆர்.சி.யில் கேம்பருக்கு ஒரு கட்டம் இல்லையே என்று வாதிடலாம். என்னை நம்பி யாரும் வாதிடப் போக வேண்டாம்.

எலுமிச்சம்பழம். புது டயர் போட்டதும் அம்மா நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று வைத்தாள். நசுங்கியதைக் குனிந்து பார்த்தேன், உள் ஓரத்தில் அதிகமா, வெளி ஓரத்தில் அதிகமா என்று. அம்மா அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளைக்கோடு. வேலை முடித்தபின் பெரியவர், போல்ட் தலையிலிருந்து வாஷர் வழியாக ஸ்ட்ரட் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். போல்ட் நழுவினால் கோடு முறியும். "ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கா பாத்துக்குங்க" என்றார். பார்க்கிறேன். போர்ட்டிகோவில் முழங்காலிட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்து, போன் வெளிச்சத்தில். இடப்பக்கம் கோடு வகிடு எடுத்ததுபோல் இருக்கிறது. வலப்பக்கம் போன வாரம் வாஷரின் விளிம்பில் ஒரு மயிரிழை விலகியதுபோல் பட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், இல்லை. கழற்றிவிட்டுப் பார்த்தேன், இருக்கிறது. 17ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன்.